ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு, நடுவுல ஒரு வாண்டு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் டே கேர்ல 11 வருஷமா இருக்கேன், மொதல்ல கைக்குழந்தைங்க ரூம், இப்போ ரெண்டு மூணு வயசு வாண்டுங்க ரூம். எனக்கும் ரெண்டு பசங்க, அதுங்க சின்னதா இருந்தப்போ வீட்டுக்காரரும் வேலைக்கு நானும் வேலைக்கு, அதனால அழுற புள்ளைய குடுத்துட்டுப் போற பக்கமும் நின்னிருக்கேன், கை நீட்டி வாங்கிக்கிற பக்கமும் நின்னிருக்கேன். டாக்டர் கிடையாது, அத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. வந்த கேள்விங்கள வரிசையா எடுக்குறேன்.

அக்கா, பையனுக்கு 3 வயசு. 8 மணிக்கு கிளம்பியாகணும். 7.50 வரைக்கும் சமத்தா விளையாடுவான், ஷூவ கையில எடுத்தா போதும் தரையில விழுந்து உருளுறான். தினமும் கத்தி தூக்கிட்டு ஓடி, ஆபீஸ் போறதுக்குள்ளயே என் பேட்டரி காலி.

மொதல்ல ஒண்ணு, ராத்திரி எத்தனை மணிக்கு தூங்குறான்? 3லருந்து 5 வயசு வரைக்கும் பகல் தூக்கத்தையும் சேத்து 10லருந்து 13 மணி நேரம் வேணும், 1, 2 வயசுன்னா 11லருந்து 14. நீங்க வீடு வந்து சேரவே 7 ஆயிடும், சாப்பாடு, குளியல், கொஞ்சம் கொஞ்சல்னு 10.30 ஆயிடும், காலைல 6.30க்கு எழுப்பினா ராத்திரி தூக்கம் 8 மணி நேரம்தான், டே கேர்ல ஒரு மணி நேரம் தூங்கினாலும் 9. அந்த பாக்கிய அவன் காலைல ஷூ நேரத்துல வசூல் பண்றான், வேற ஒண்ணுமில்ல.

ரெண்டாவது, வரிசைய மாத்துங்க. இப்போ உங்க வீட்டுல ஷூன்னா அவனுக்கு விளையாட்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம், அப்புறம் ஏன் ஷூவ பாத்தா பிடிக்கும்? எழுந்ததும் பல்லு, டிரஸ், சாப்பாடு, ஷூ எல்லாம் முடிச்சிட்டு அப்புறமா விளையாட விடுங்க, ஷூவோட வீட்டுக்குள்ள சுத்தினா சுத்தட்டும், சாயங்காலம் தொடச்சுக்கலாம். "ஷூ போட்டுக்கலாமா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, அதுக்கு "வேணாம்"னு ஒரு பதில் இருக்கு. "நீ போட்டுக்கறியா, நான் போட்டு விடட்டுமா?" இதுக்கு ரெண்டு பதில் வந்தாலும் ஷூ காலுக்கு போயிடும். அப்புறம் "இன்னும் பத்து நிமிஷம்"னு சொன்னா 3 வயசுக்கு அது வெறும் சத்தம். "இந்த பொம்மைய எல்லாம் டப்பாவுல போட்டதும் கிளம்பறோம்"னு சொல்லுங்க, அது கண்ணுக்குத் தெரியும்.

(அதே அம்மா) 10.30ன்னு எப்படி கரெக்டா சொன்னீங்க?? எங்க வீட்டுல 10.45.

உங்க வீட்டுல மட்டுமா? ஒரே ராத்திரில 9க்கு இழுக்காதீங்க, படுக்கைல சர்க்கஸ்தான் நடக்கும். மூணு நாளைக்கு ஒரு வாட்டி 15 நிமிஷம் முன்னாடி கொண்டு வாங்க. லீவு நாள்லயும் எழுப்புற நேரத்த ரொம்ப தள்ளாதீங்க.

பாப்பாவுக்கு 11 மாசம். டே கேர்ல விட்டு ரெண்டு வாரம் ஆச்சு, நான் கிளம்பினா என் கழுத்த இறுக்கி பிடிச்சுக்கிட்டு அழுகை. பொம்மைய காட்டி அவ அசந்த நேரமா நைசா நழுவிடுன்னு மாமியார் சொல்றாங்க. செய்யலாமா?

வேணாம்மா. மாமியார் கிட்ட போய் தப்புன்னு சண்டை போட வேணாம், அவங்க சொல்றது அழுகைய பாக்க முடியாமதான். ஆனா இந்த ஒட்டிக்கிற பழக்கம் 8 மாசத்துக்கு பக்கத்துல ஆரம்பிச்சு, நெறைய புள்ளைங்களுக்கு 10லருந்து 18 மாசத்துல உச்சத்துல இருக்கும். அம்மா கண்ணுல படலன்னாலும் எங்கயோ இருக்கான்னு இப்போதான் அதுக்கு புரியுது, எப்போ வருவான்னு மட்டும் தெரியல. அந்த சமயத்துல சொல்லாம போனா, எந்த நிமிஷமும் அம்மா காணாம போகலாம்னு அது கத்துக்கும்.

எங்க ரூம்ல நடந்தது சொல்றேன். ஒரு பையனோட அம்மா தினமும் நழுவிடுவாங்க. அழுகை கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா அவன் காலை பூரா என் சட்டை நுனிய விரல்ல சுத்திக்கிட்டு கதவையே பாப்பான், கதவு தொறக்குற ஒவ்வொரு வாட்டியும் கழுத்து திரும்பும், விளையாட்டுல மனசே போகாது. இன்னொரு குட்டி, அவ அம்மா உள்ளங்கைல ஒரு முத்தம் வச்சு விரல மடிச்சு விட்டு "தூங்கி எழுந்து பால் குடிச்சதும் அம்மா வந்துருவேன்"னு சொல்லிட்டு திரும்பிப் பாக்காம போயிடுவாங்க. வீடே இடியற மாதிரி அழுவா, அஞ்சு நிமிஷம் தாண்டாது, அப்புறம் மடிச்ச கையோடயே தண்ணி டப் பக்கம் நகர்ந்துருவா.

ஒரு நிமிஷத்துல முடியற டாட்டா, தினமும் ஒரே மாதிரி. "இன்னும் ஒரு வாட்டி"ன்னு திரும்ப வராதீங்க, ஜன்னல் வழியா எட்டிப் பாக்காதீங்க. நீங்க எட்டிப் பாக்குறத நாங்க பாக்குறமோ இல்லையோ அதுங்க பாத்துரும், மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும்.

அடுத்த வாரம் வேலைல சேரணும். தாய்ப்பால் எடுத்து வச்சா எவ்ளோ நேரம் தாங்கும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

அப்போ எடுத்த பால், 25 டிகிரிக்குள்ள இருக்குற ரூம்ல 4 மணி நேரம் வரைக்கும், ஃபிரிட்ஜ்ல 4 நாள், ஃப்ரீசர்ல 6 மாசத்துக்குள்ள குடுத்துட்டா நல்லது. ஃபிரிட்ஜ் கதவுல வைக்காதீங்க, தொறந்து மூடுறதுல சூடு ஏறி இறங்கும், உள்ள தள்ளி வைங்க. உறைஞ்ச பால் இளகிட்டா ஃபிரிட்ஜ்ல 24 மணி நேரம், மறுபடி உறைய வைக்கக்கூடாது. மைக்ரோவேவ் வேணவே வேணாம், ஒரு பக்கம் கொதிக்கும் ஒரு பக்கம் ஜில்லுனு இருக்கும், வாய் வெந்துரும். வெந்நீர் பாத்திரத்துல பாட்டில நிறுத்தினா போதும். பாட்டில் மேல தேதி எழுதுங்க, தூக்கக் கலக்கத்துல எது பழசுன்னு சத்தியமா தெரியாது.

சகோதரி, வழக்கமா மனைவிதான் குழந்தைய விடுவாங்க. அடுத்த மாசம் வாரம் ரெண்டு நாள் நான் கார்ல கூட்டிட்டு போகணும். ஏதாவது டிப்ஸ்?

ஒண்ணே ஒண்ணு, இத லேசா எடுத்துக்காதீங்க. பழகின ரூட்ல நம்ம மூளை தானா ஓட்டும். குழந்தை பின்னாடி தூங்கிடுச்சு, சத்தம் இல்ல, மனசுல மீட்டிங் ஓடுது, கார் நேரா ஆபீஸ் போயிடும். பாசம் இல்லாதவங்களுக்குதான் இது நடக்கும்னு நெனைக்காதீங்க, வழக்கம் மாறின நாள்ல யாருக்கும் நடக்கலாம், உயிர் போன சம்பவங்க இருக்கு. வெயில்ல மூடின காருக்குள்ள பத்தே நிமிஷத்துல கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறிடும், பெரியவங்கள விட குழந்தை உடம்பு சீக்கிரம் சூடாகும், கண்ணாடிய கொஞ்சம் இறக்கி வச்சாலும் பெருசா பிரயோஜனம் இல்ல.

அதனால ஆபீஸ் பை, ஐடி கார்டு, முடிஞ்சா ஃபோனும் பின் சீட்டுல குழந்தை பக்கத்துல வைங்க. அது இல்லாம உங்களால ஆபீசுக்குள்ள போக முடியாதுல்ல. இன்னொண்ணு, சொன்ன நேரத்துக்கு குழந்தை வரலன்னா உடனே ரெண்டு பேருக்கும் ஃபோன் பண்ணுங்கன்னு டே கேர்ல சொல்லி வைங்க. நாங்க கேக்காமயே பண்றோம், எல்லா இடத்துலயும் பண்ணுவாங்கன்னு சொல்ல முடியாது.

டே கேர்ல தங்கமான புள்ளைன்னு சொல்றாங்க, வீட்டுக்கு வந்து பைய கீழ வைக்கறதுக்குள்ள ராட்சசனா மாறிடறான். எங்க கிட்ட மட்டும் ஏன்?

உங்க கிட்டதான் மாற முடியும், அதான். நாள் பூரா வரிசைல நின்னு, பொம்மைய விட்டுக் குடுத்து, பொறுத்துப் பொறுத்து வந்திருக்கான். நீங்களும் ஆபீஸ்ல மேனேஜர் கிட்ட சிரிச்சிட்டு வீட்டுக்கு வந்து எரிஞ்சு விழறீங்களா இல்லையா? வந்ததும் நேரா சமையலறைக்கு ஓடாதீங்க, முதல் 15 நிமிஷம் ஃபோன உள்ள போட்டுட்டு தரையில உக்காருங்க, "இன்னிக்கு என்ன பண்ண"ன்னு குறுக்கு விசாரணை வேணாம், மடில வந்து விழுந்தா விழட்டும். பசியா இருக்கும், வர்ற வழியிலயே ஏதாவது கொஞ்சம் குடுத்துருங்க. பாதி ராட்சசன் பசிதான்.

சமைக்கும்போது ஃபோன குடுத்தாதான் வேலை ஓடுது, பொண்ணுக்கு 2 வயசு முடிஞ்சுது. தப்பா?

2 வயசுக்கு கீழ திரை வேணாம், 2லருந்து 4 வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள, எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு. 20 நிமிஷம் குடுத்தா குடுத்துட்டு போங்க, குற்ற உணர்ச்சிய ஓரமா வைங்க. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் மட்டும் குடுக்காதீங்க, அந்த பழக்கத்த விடுவிக்க படாத பாடு படணும்.

மாசத்துக்கு ஒரு வாட்டி சளி காய்ச்சல். எங்க ரெண்டு பேருக்கும் லீவு தீந்துடுச்சு. லேசான காய்ச்சல்தானேன்னு மருந்து குடுத்து அனுப்பலாமா?

காலைல 7 மணிக்கு குடுத்த மருந்தோட வேகம் 11 மணிக்கு எறங்கிடும், உங்க ஃபோன் 11.15க்கு அடிக்கும். வருஷக்கணக்கா பாக்குறேன். 38 டிகிரி தாண்டினா வீட்டுல வைங்க, மருந்தில்லாம 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருந்தா அனுப்புங்க. 3 மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைக்கு 38 வந்தாலே காத்திருக்காம டாக்டர். டே கேர்ல முதல் வருஷம் இப்படித்தான், போகப் போக குறையும். லீவு யாரு போடறதுன்னு காலைல 6 மணிக்கு சண்டை போடாம முன்னாடியே பேசி வச்சுக்கங்க, இந்த வாட்டி நீ அடுத்த வாட்டி நான்னு.

நான் வீட்டுல எல்லா வேலையும் செய்றேன், ஆனா "சொன்னாதானே செய்றீங்க"ன்னு மனைவி கோவப்படறாங்க. சொன்னா செய்றேன்ல, அப்புறம் என்ன?

தம்பி, சொல்றதும் ஒரு வேலைதான். டயப்பர் மாத்துறது ஒரு வேலை, டயப்பர் தீரப்போகுதுன்னு புதன்கிழமையே கண்ணுல படறது இன்னொரு வேலை, ரெண்டாவது முழுக்க அவங்க தலைல இருக்கு. டே கேர் பை முழுசா இனி உங்களுதுன்னு எடுத்துக்கங்க: மாத்து டிரஸ் இன்னும் அளவா இருக்கா, நகம் வெட்டணுமா, தடுப்பூசி தேதி எப்போ, எல்லாம். அவங்க ஞாபகப்படுத்தக்கூடாது. முதல் வாரம் ஏதாவது மறப்பீங்க, மறந்தா நீங்களே போய் குடுத்துட்டு வாங்க.

கடைசியா ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. பாப்பா முழிச்சிருக்கிற நேரத்துல தினமும் 3 மணி நேரம்தான் கூட இருக்கேன். உங்கள மாதிரி ஒருத்தர அம்மான்னு நெனைச்சுக்குவாளோன்னு பயமா இருக்கு.

சிரிக்கல. என்னையும் அம்மான்னு கூப்பிடும்ங்க, ஒரு நாளைக்கு இருபது வாட்டி, மூக்கு ஒழுகினா, மூடி தொறக்கலன்னா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒவ்வொருத்தரா வர ஆரம்பிப்பாங்க. எங்களுக்கு எல்லா செருப்பு சத்தமும் ஒண்ணுதான், அதுங்களுக்கு இல்ல. கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே ஒரு குட்டி கையில இருக்கிற பிளாக்க அப்படியே போட்டுட்டு எழுந்து நிக்கும், நாள் பூரா தூக்கி வச்சிருந்த என்னை மிதிச்சிட்டு ஓடும். அக்காவுக்கு டாட்டா சொல்லும்மான்னு அம்மா கெஞ்சுவாங்க, அது அம்மா தோள்ல மூஞ்சிய புதைச்சுக்கிட்டு திரும்பக் கூட மாட்டேங்கும்.