எம்.பி.ஏ.வுக்குக் கடன் வாங்காதீர்கள், அம்மணியை வேலைக்கு அனுப்புங்கள்

சோமனூரில் இருந்து ஒரு குடும்பம் ஆலோசனைக்கு வந்திருந்தது. அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். மகள் கோவையில் பி.காம். முடித்திருக்கிறாள். காந்திபுரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது. வங்கிக் கடனுக்கு புரபோசல், அதாவது கடன் கேட்டு வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கை, தயாரித்து எழுத வேண்டும், மாதம் 15,000 ரூபாய். "இதுக்கா படிக்க வெச்சேன்னு எங்கண்ணன் கேக்கறாருங்க. எம்.பி.ஏ. சேத்தி உடுங்கறாரு. பத்து லட்சம் ஆகுமாமுங்க, லோன் வாங்கிக்கலாம்ங்கறாரு" என்றார் அப்பா. அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வேலை கையில் இருக்கிறது, பதறாதீர்கள் என்று சொன்னேன். என் ஆறுதல் அவ்வளவுதான்.

அண்ணா, முதலில் அந்தப் பத்து லட்சத்தைப் பார்ப்போம். பத்தரை சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 13,500 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டி இதில் சேரவில்லை. கூலிப் பாக்கி நின்றாலே தடுமாறுகிற வீட்டில் இதை யார் கட்டுவது? உங்கள் அண்ணன் கட்டுவாரா? ஐ.ஐ.எம்.மில் இடம் கிடைத்திருந்தால் கணக்கு வேறு. நீங்கள் சொல்வது ஊருக்கு வெளியே பத்து பஸ் ஓட்டுகிற தனியார் கல்லூரி. வேலை அனுபவமே இல்லாமல் அப்படிப் படித்துவிட்டு, இன்சூரன்ஸ் விற்பனையிலும் கடன் வசூலிலும் டார்கெட்டுக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சி.ஏ., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விடுங்கள்.

புரபோசல் எழுதுவதை டைப் அடிக்கிற வேலை என்று நினைத்துவிட்டீர்கள். பல்லடத்தில் ஒருவர் தறிகளைக் கூட்டி, நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது அன்றாடம் தொழில் ஓட்டும் பணத்துக்கு, வங்கியில் லிமிட் (கடன் வரம்பு) கேட்கிறார் என்று வையுங்கள். என்ன ரகம், நூல் எங்கே வாங்குகிறார், துணி யாருக்குப் போகிறது, பணம் எத்தனை நாளில் வருகிறது, கரண்ட் பில் எவ்வளவு என்று அவரிடம் கேட்டுக் கறந்து, அதைத் திட்ட அறிக்கையாகவும் சி.எம்.ஏ. டேட்டாவாகவும் (கடனை எடைபோட வங்கி கேட்கும் கணக்கு அட்டவணைகள்) ஆக்க வேண்டும். போன வருடங்களின் கணக்கு, இந்த வருட மதிப்பீடு, வரப்போகும் வருடங்களின் எதிர்பார்ப்பு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

சிறு தொழில்களுக்கு, ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டியின் முறைப்படி, எதிர்பார்க்கும் விற்றுமுதலில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை. அதில் 20ஐ வங்கி தரும், 5ஐ முதலாளி போட வேண்டும். 2 கோடி விற்பனை என்றால் வங்கிப் பணம் 40 லட்சம், கைப்பணம் 10 லட்சம். ஆனால் போன வருட ஜி.எஸ்.டி. ரிட்டனில் 1.2 கோடிதான் இருக்கிறது. மேனேஜர் கை வைப்பது அங்கேதான். "சந்தையில் நல்ல வரவேற்பு உள்ளது" என்று எழுதினால் ஃபைல் திரும்பி வரும். "புதுத் தறிகள் டிசம்பரில்தான் ஓடத் தொடங்கின, போன நிதியாண்டில் அவற்றின் விற்பனை நான்கு மாதத்துக்கு மட்டுமே, கையில் உள்ள ஆர்டர்களின் நகல் இணைப்பில்" என்று எழுதினால் அவர் மேற்கொண்டு படிப்பார்.

இந்த வேலை உங்கள் மகளுக்கு வரும். தறிக் கடனில் தவணை தள்ளியதற்கு வங்கி விளக்கம் கேட்டபோது, எந்த மாதம் கூலி நின்றது, எப்போது பில் பாஸானது என்று வரிசையாக எழுதிக் கொடுத்தது இவள்தான் என்று நீங்களே சொன்னீர்கள். மேனேஜர் மறுபேச்சு பேசவில்லையாமே! அந்தக் கையைப் பிடித்து மார்க்கெட்டிங் வகுப்பில் உட்கார வைக்காதீர்கள்.

இரண்டு மூன்று வருடத்தில் திருப்பூர் நிட்டிங், நாமக்கல் கோழிப்பண்ணை, பொள்ளாச்சி தென்னைநார், கோவை பம்பு என்று ஒவ்வொன்றிலும் பணம் எங்கே முடங்கும் என்பது அத்துபடியாகிவிடும். வங்கிகளின் கடன் பிரிவுக்கும், நிதி நிறுவனங்களுக்கும், மில்களின் ஃபைனான்ஸ் பிரிவுக்கும் வேண்டியது அந்த அறிவுதான்.

அதற்கு மேலும் ஒரு வழி இருக்கிறது, நம் பக்கம் யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டு ஓய்வூதிய நிதியங்கள் தங்கள் பணத்தை யாரிடம் முதலீடு செய்யக் கொடுப்பது என்று முடிவு செய்யும் முன், முதலீட்டு நிறுவனங்களுக்கு நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்பும். ஆர்.எஃப்.பி. (ரிக்வெஸ்ட் ஃபார் புரபோசல்) என்பார்கள். முதலீட்டு முறை, ரிஸ்க், கட்டணம், கடந்தகால வருமானம் எல்லாம் இருக்கும். ஃபண்ட் மேனேஜரிடம் கேட்டு, பழைய பதில்களைப் புதுப்பித்து, விதிமுறைகளைச் சரிபார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவின் ஒப்புதல் வாங்கி, கெடுவுக்குள் அனுப்புவதற்கென்றே தனி எழுத்தர்கள் உண்டு. பதிலில் ஓர் எண் தப்பினாலும் வாய்ப்பு கைவிட்டுப் போகலாம். இதற்கு நல்ல இங்கிலீஷ் வேண்டும். அதை இப்போதே தினமும் எழுதிப் பழக வேண்டும். வேலைக்கு நடுவே புரபோசல் எழுதுகிறவர்களுக்கான சர்வதேச அமைப்பான ஏ.பி.எம்.பி.யின் ஆரம்பநிலைச் சான்றிதழ்த் தேர்வையும் எழுதலாம்.

சிரமங்களும் உண்டு. மார்ச் மாதம் வீட்டுக்கு நேரத்தில் வர முடியாது. விற்பனையைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லிக் கேட்கிற பார்ட்டிகள் வருவார்கள். அம்மணி, அதற்கு மட்டும் தலையாட்டாதே.

எம்.பி.ஏ. வேண்டுமென்று மூன்று வருடம் கழித்து அவளே கேட்டால், அவள் சேமிப்பைப் போட்டுப் படிக்கட்டும். இப்போது சேரும் முன் ஆடிட்டரிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: பார்ட்டியிடம் நேரில் பேச விடுவார்களா, வங்கி எழுப்பும் கேள்விக்குப் பதில் எழுதத் தருவார்களா. இரண்டுக்கும் இல்லை என்றால் பழைய ஃபைலில் பெயரை மாற்றுகிற வேலைதான் மிஞ்சும். அப்படியானால் வேறு ஆபீஸ் பாருங்கள், கோவையில் ஆடிட்டர்களுக்கா பஞ்சம்?