கண்ணாடி போனாலும் செயின் இறங்கினாலும் அடுத்த டிரையத்லானை விடாதீர்கள்

வணக்கம். நீச்சலில் யாரோ உதைத்துக் கண்ணாடி போய், சைக்கிளில் செயின் இறங்கி, கடைசி ஆட்களோடு முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் வரும் அடுத்த போட்டிக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். கட்டாயம் போங்கள். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், இவ்வளவையும் அந்த நிலையில் முடித்தது சின்ன விஷயம் இல்லை.

கண்ணாடிக்கு வழி எளிது: முதலில் கண்ணாடி, அதன் பட்டைக்கு மேல் தொப்பி. எனக்கும் ஒருமுறை பறிபோனது, அதிலிருந்து இப்படித்தான் போடுகிறேன். படபடப்பு வந்தால் மிதவையைப் பிடித்து மூச்சு வாங்கலாம். அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.

செயினுக்குத்தான் பயிற்சி வேண்டும். பின் கியர் மாற்றியை முன்னால் தள்ளினால் செயின் தளரும். முன் பல்சக்கரத்தின் மேல் பற்களில் அதை மாட்டி, பெடலைக் கையால் மெல்ல முன்பக்கம் சுற்றுங்கள். வீட்டில் பத்து முறை செய்தால் விரல் பழகிவிடும். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது முன் கியரை மாற்றினீர்களா? பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். ஏற்றம் வருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஹெல்மெட். ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன்பே வாரை மாட்டியிருக்க வேண்டும், திருப்பி வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். தவறினால் தண்டனை உண்டு.

செயின் எந்தப் பக்கம் விழுந்தது, பிரேம் பக்கமா, பெடல் பக்கமா? சொன்னால் எந்தத் திருகைச் சரிசெய்வது என்று எழுதுகிறேன்.