பங்காளி போட்ட வேலியை ஜேசிபி வைத்துப் பிடுங்கினால்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டம். 14 மாதங்களுக்கு முன் பெரியப்பா மகன் வரப்பைத் தாண்டி எங்கள் பக்கம் கல் நட்டுக் கம்பி வேலி போட்டு, தென்னங்கன்றும் வைத்துவிட்டார். பட்டா எங்கள் பெயரில். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லியும் பலனில்லை. போன வாரம் இரவில் ஜேசிபி வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மகனும் கூட இருந்தான். இப்போது அவர் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறார், சிஎஸ்ஆர் (மனுவைப் பெற்றதற்கான ரசீது) போட்டிருக்கிறார்கள். முதலில் தப்பு செய்தது அவர்தானே? அவர் அடிக்கவில்லைதான், ஆனாலும் என்னை அடித்ததாக நானும் ஒரு புகார் கொடுக்கலாமா?

பதில்: பாட்டன் காலத்துப் பாகப்பிரிவினை, உங்கள் அப்பாவுக்கு அவர்கள் செய்த துரோகம், கோயில் திருவிழாவில் நடந்த அவமானம் என்று நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். வழக்குக்கு அதெல்லாம் வேண்டாம். ஜேசிபி உள்ளே இறங்கிய அன்று அந்த இடம் யார் அனுபவத்தில் இருந்தது? அவர் அனுபவத்தில். அதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

அவர் கல் நட்ட அன்றே போய்த் தடுத்திருந்தால் சொத்தைக் காக்கும் தற்காப்பு உரிமை என்று வாதாட இடமிருந்தது. 14 மாதம் கழித்து இரவில் போனவருக்கு அது கிடைக்காது. குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6ஆம் பிரிவில் இடத்தைத் திரும்பக் கேட்டு அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், நிலம் யாருடையது என்ற கேள்வியே அங்கே வராது. உங்கள் பட்டாவைக் கோர்ட் புரட்டிக்கூடப் பார்க்காது. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும், தோற்கிற இடத்தில் போய் நின்றுவிட்டீர்கள்.

பொய்ப் புகார் பற்றி: கொடுக்காதீர்கள். அடிக்காதவர் அடித்தார் என்று எழுதினால் அதுவே தனிக் குற்றம். போலீஸ் இரண்டு பக்கமும் வழக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளிருக்காது.

எனக்குக் கவலை உங்கள் மகனைப் பற்றித்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதியிருக்கிறான் என்று கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எஃப்ஐஆர் பதிவானால் ஜேசிபி பக்கத்தில் நின்ற அவன் பெயரும் வரும். காவலர் பணி விதிப்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானால்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவன் என்றுதான் கணக்கு. வரப்புத் தகராறில் அப்பாவோடு போய் நின்று வேலையை இழந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு அந்த ரெண்டு சென்ட் கடைசியில் கிடைத்தும் இருக்கிறது, பையனுக்கு வேலை கிடைக்கவில்லை.

சிஎஸ்ஆர் என்பது இன்னும் மனு விசாரணைதான். இந்த வாரமே சமாதானம் பேசுங்கள். எஃப்ஐஆர் வந்து, அதில் ஆபாசமாகத் திட்டியதாக பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 296(பி) பிரிவும் சேர்ந்துவிட்டால், நீங்கள் ராசியானாலும் கீழ்க்கோர்ட்டில் முடிக்க முடியாது. ரத்து கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருக்கும். வேலிக்கும் கன்றுகளுக்கும் அவர் கேட்பதைப் பேரம் பேசிக் கொடுத்துவிடுங்கள். இடத்தைப் பழையபடி அவர் வசமே விடுங்கள். கசக்கும், தெரியும். எஃப் லைன் அளவைக்கு (நில எல்லையை சர்வேயர் அளந்து காட்டுவது) பணம் கட்டி, சர்வேயர் அளந்ததும், உரிமை விளம்பலும் (நிலம் உங்களுடையது என்ற அறிவிப்பு) சுவாதீனமும் (இடத்தை உங்கள் வசம் ஒப்படைப்பது) கேட்டு சிவில் வழக்குப் போடுங்கள். 12 வருடம் வரை காலம் இருக்கிறது. 6ஆம் பிரிவு அதைத் தடுக்காது.

சமாதானத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஸ்டேஷனில் எழுதி வைத்து, "இனி அந்த நிலத்தில் எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை, பிரவேசிக்க மாட்டேன்" என்று கையெழுத்துக் கேட்பார்கள். வீட்டுக்குப் போனால் போதும் என்று போட்டுவிடுவார்கள். பிறகு சிவில் கோர்ட்டில் எதிராளி முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான்: சேதத்துக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, கோர்ட் உத்தரவில்லாமல் உள்ளே போக மாட்டேன், நிலத்தின் உரிமை பற்றி சிவில் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம். மனுவைத் திரும்பப் பெறுவதாக அவர் கையெழுத்தும் அதே தாளில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் உங்கள் வக்கீல் ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும்.