அப்பத்தாவின் பித்தளைக் குடம்

கேள்வி: எங்கள் அப்பத்தா இரண்டாம் கட்டு அறை முழுக்கப் பழைய சாமான் வைத்திருக்கிறார். அடி ஓட்டையான பித்தளைக் குடம், எனாமல் உதிர்ந்த தூக்கு, மூடி தொலைந்த பாட்டில், எதையும் தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார். நான் உளவியல் படிக்கிறேன். இதற்கு ஒவ்வொரு கோட்பாடும் ஒவ்வொரு காரணம் சொல்கிறது. எதைத்தான் நம்புவது?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்கள் என்று நினைத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு, இந்தக் குணம் எங்கே முளைத்தது என்று தேடிப் போகிறார். சிக்கனம், பிடிவாதம், ஒழுங்கு மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் சிறுவயதில் மலம் கழிக்கப் பழகிய கதையில் அதற்கு வேர் இருக்கும் என்று 1908-இல் எழுதினார். அப்பத்தாவிடம் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள். யாருக்கு வேண்டுமானாலும் இப்படி ஒரு கதையைப் பொருத்திவிடலாம், தவறு என்று காட்டத்தான் வழியில்லை, அதனால் எனக்கு இதில் பிடிப்பு இல்லை.

பழக்கம் எப்படிப் படிகிறது என்று நடத்தையை வைத்துப் பார்க்கும் ஸ்கின்னர் வழிக்காரர்கள் பார்ப்பது வேறு. பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது குடத்தை எடைக்குப் போட எடுக்கிறீர்கள், அப்பத்தாவுக்குப் படபடவென்று வருகிறது, "வை, இருக்கட்டும்" என்கிறார், குடம் உள்ளே போனதும் படபடப்பு அடங்கிவிடுகிறது. அந்த நிம்மதிக்காகவே அடுத்த வருஷமும் "வை" என்பார். தொல்லை நீங்குவதாலேயே ஒரு பழக்கம் ஊன்றிப்போகும் எதிர்மறை வலுவூட்டல் என்பது இதுதான் (பரீட்சையில் தண்டனை என்று எழுதி மார்க்கை விட்டுவிடாதீர்கள்).

சரி, குடத்தை எடுத்தால் ஏன் படபடக்க வேண்டும்? இங்கேதான் மனசில் ஓடும் எண்ணங்களைப் பார்க்கும் அறிதல்வழி கைகொடுக்கிறது. பொருள் சேர்ப்பவர்களைப் பற்றி ஃப்ராஸ்ட், ஹார்ட்ல் இருவரும் 1996-இல் எழுதியதைப் படியுங்கள்: 'பின்னால் உதவும்', 'இது போனால் நினைவும் போய்விடும்', 'என் சாமானுக்கு நான்தான் முடிவு சொல்வேன்' என்கிற மாதிரி எண்ணங்கள். குடத்தின் கழுத்தில் பேர் வெட்டியிருக்கிறதா பாருங்கள். கல்யாணத்தில் அவருக்கு வைத்த சீர் என்றால், அவரைப் பொறுத்தவரை அது அவர் சொத்து, நீங்கள் யார் எடுக்க? குடும்பமும் ஊரும் பழக்கியதை விட்டுவிட்டு, இதற்குக் காரணத்தை மனசுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. மரபணுவுக்கும் பங்கு உண்டு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் உங்கள் வீட்டில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், இது நோய்தானா? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் பொருள் பதுக்கலைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது உண்மை. ஆனால் அதற்கு அடுப்படியில் சமைக்க முடியாமல், கட்டிலில் படுக்க முடியாமல் சாமான் அடைத்திருக்க வேண்டும், அதோடு மனசைப் பெரிதாக வாட்டவோ அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கவோ வேண்டும். முகப்பு, வளவு, கட்டு என்று நீளும் வீட்டில் ஒரு அறை நிறைந்திருப்பதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இடம் வேண்டும் என்றால் பாட்டிலில் ஆரம்பியுங்கள். அவர் கையிலேயே கொடுத்து, அவரே போடட்டும், படபடப்பு தானாக அடங்கும்வரை கூட உட்காருங்கள். அவருக்குத் தெரியாமல் ஒரு தூக்கை எடைக்குப் போட்டீர்கள் என்றால் அடுத்த நாளே அறைக்குப் பூட்டு விழும்.