முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால்?

கேள்வி: என் மகளுக்கு 31-வது வாரத்திலேயே வலி வந்து குழந்தை பிறந்துவிட்டது. உள்ளே தொற்று இருந்ததாம். வலி வந்ததுமே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் தடுத்திருக்கலாமா?

பதில்: உங்கள் மகள் மேல் ஒரு தவறும் இல்லை அம்மா, முதலில் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறப்புப் பாதையில் இருக்கும் கிருமிகள் மேலேறி பனிக்குடச் சவ்வைத் தொட்டால் உடம்பு சண்டைக்கு எழுகிறது. அந்த அழற்சியில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் கருப்பை வாயை இளக்கி, கருப்பையைச் சுருங்கவைத்து வலியைக் கிளப்பிவிடும். பல சமயம் காய்ச்சல்கூட இருக்காது.

சரி, கிருமியைக் கொன்றால் போதுமே? டாக்டர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 2001-இல் வெளியான ஆரக்கிள் ஆய்வில், பனிக்குடம் உடையாமல் குறைமாத வலி வந்த 6,295 பெண்களிடம் ஆன்டிபயாடிக்கைச் சோதித்தும் பலன் தெரியவில்லை. பிரிட்டனில் அந்தப் பிள்ளைகளை ஏழு வயதில் பார்த்தபோது, தாய்க்கு எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தவர்களில் 3.3 சதவீதம் பேருக்குப் பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் கை கால் அசைவில் வரும் குறைபாடு), கொடுக்காதவர்களில் 1.7. எப்போது படித்தாலும் மனம் கனக்கிற எண் அது.

பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தால் கதை வேறு, அப்போது எரித்ரோமைசின் உதவுகிறது. சிறுநீர்த் தொற்று இருந்தாலும் சிகிச்சை கட்டாயம் வேண்டும். அதனால் மகள் அடுத்து கர்ப்பமானால் தொடக்கத்திலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளட்டும், அப்புறம் இந்தப் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் டாக்டரிடம் காட்டட்டும்.