கண்ணில்லா மீன் எப்படி வழி அறிகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பக்கக் கோடு பற்றிப் பாடத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. குகைமீனுக்கு அது கண்ணின் வேலையை எப்படிச் செய்கிறது? (உயர்தர மாணவி, கோண்டாவில்)

சந்தைக்குப் போனால் ஒரு பாரையைக் கையில் எடுத்துப் பாருங்கள், பிள்ளை. செவுளுக்குப் பின்னால் வளைந்து தொடங்கும் கோடு வால்வரை ஓடும். வாலடியில் விரலில் குத்துகிற தடித்த செதில்கள் அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கின்றன. கோட்டின் அடியில் கால்வாய், அதற்குள் புலன்மொட்டுகள். மொட்டுக்குள் மயிர்க்கலங்கள், அவற்றின் மேல் கூழ்த்தொப்பி. தண்ணீர் அசைந்தால் தொப்பி சாயும், மயிர் வளையும், நரம்புக்குச் செய்தி போகும்.

இது எல்லா மீனுக்கும் பொது. மெக்சிக்கோக் குகைமீனுக்குத் தோலின் மேலேயும், முக்கியமாகத் தலையில், இந்த மொட்டுகள் ஆற்றில் வாழும் அதன் இனத்து மீனைவிட அதிகம், அளவிலும் பெரியவை. நீந்தும்போது அதன் உடலைச் சுற்றி ஓடும் தண்ணீர், பக்கத்தில் சுவரோ கல்லோ இருந்தால் வேறு விதமாக ஓடும். அந்த வேறுபாட்டைத்தான் அது உணர்கிறது. வாலை ஒருதரம் வீசிவிட்டுச் சறுக்கிக்கொண்டு போவதைக் கவனியுங்கள். சறுக்கும் நேரத்தில் தன் வாலசைவின் குழப்பம் குறைவு, அதனால் உணர்வது எளிது. எட்டும் தூரம் தன் உடல் நீளத்துக்கும் குறைவுதான்.

வௌவால் மாதிரிச் சத்தம் எழுப்பி எதிரொலி கேட்குமா? (கரவெட்டி)

இல்லை. ஆனால் புதிய பொருளை நெருங்கும்போது வாயை அடிக்கடி திறந்து தண்ணீரை உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் எழும் நீரோட்டமும் அதற்கு உதவுகிறது என்று 2014 இல் ஓர் ஆய்வு காட்டியது.

இருட்டில் இரை எப்படிக் கிடைக்கிறது? (சாவகச்சேரி)

செக்கனுக்கு ஏறத்தாழ 35 தடவை அதிரும் எதையும் தேடிப் போகும். கண்குழியைச் சுற்றியுள்ள மொட்டுகளுக்கு இதில் பெரிய பங்கு. சுவை மொட்டுகளும் குகைமீனுக்கு அதிகம்.

என் குகைமீன்கள் கண்ணாடியில் முட்டுகின்றன. நல்ல மருந்து சொல்லவும். (திருநெல்வேலி)

தொட்டி எத்தனை லீற்றர்? எத்தனை மீன்? கிணற்றுத் தண்ணியா, குழாய்த் தண்ணியா? ஒன்றும் எழுதவில்லை. கடிதத்தின் அடியில் மட்டும், வெண்புள்ளி நோய்க்கு "கடைக்காரர் தந்த நீல மருந்து" விட்டதாக ஒரு வரி. தம்பி, சிக்கல் அந்த வரியில்தான் என்று நினைக்கிறேன்.

நீல மருந்துகள் பலவகை. அவற்றில் பல செம்பு கலந்தவை. முந்திரிகை (திராட்சை)த் தோட்டத்துக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிறோமே, அதே துருசு. செம்பு மயிர்க்கலங்களைக் கொல்லும். கண்ணுள்ள மீனுக்கு இது ஓரளவு தாங்கும். குகைமீனுக்கோ கண்ணைப் பிடுங்குவதற்குச் சமம். லேபலைப் படிக்காமல் ஒரு சொட்டும் விடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்! எங்கள் ஊரில் மீன் விற்கிற இடத்தில் மருந்தும் விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. இது எனக்கு மிகவும் வேதனை தருகிற விஷயம். முட்டி முட்டி மூக்குத் தேய்ந்த மீன்களை என்னிடம் கொண்டுவருகிறார்கள். அவை முழு நலத்தோடு வாங்கப்பட்டவை.

இப்போது செய்ய வேண்டியது: மருந்தை நிறுத்துங்கள். நாளுக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். முருகைக்கல், சிப்பி போட்டிருந்தால் வெளியே எடுங்கள். அவை செம்பைப் பிடித்து வைத்துப் பிறகு மெல்ல விடும். மீனின் மயிர்க்கலங்கள் மறுபடி முளைக்கக்கூடியவை, ஆனால் செம்பு அளவுக்கு மீறிப் போயிருந்தால் அதுவும் நடக்காது. வெண்புள்ளி ஒட்டுண்ணி அடிமணலில் இறங்கித்தான் பெருகும், ஆகவே அடியைத் தினமும் உறிஞ்சி எடுங்கள். அப்புறம், கற்களை இடம் மாற்றாதீர்கள். குகைமீன் தொட்டியின் அமைப்பை நினைவில் வைத்திருக்கும். மாற்றினால் திரும்பப் படிக்க வேண்டும்.

பயன்படுத்தாததால்தான் கண் மறைந்ததா? (உயர்தர மாணவர், பருத்தித்துறை)

இல்லை. கருவில் கண் உருவாகத் தொடங்கும், வில்லையின் கலங்கள் இறந்துவிடும், பிறகு கண்ணே தேயும். ஆற்று மீனின் வில்லையைக் குகைமீன் கருவில் பொருத்தியபோது கண் வளர்ந்தது; இது 2000 இல் வெளியான ஆய்வு. வெவ்வேறு குகை மீன்களைக் கலந்தால் சில குஞ்சுகளுக்குப் பார்வையே வருகிறது என்று 2008 இல் காட்டினார்கள். ஒரு குகையில் கெட்ட மரபணு மற்றக் குகையில் கெடாமல் இருப்பதுதான் காரணம்.

நிலாவரைக் கிணற்றில் கண்ணில்லா மீன் உண்டு என்கிறார்களே? (புத்தூர்)

யார் பிடித்தார்கள், மாதிரி எங்கே? இது இல்லாமல் நான் ஆம் என்று எழுத மாட்டேன். ஆனால் கேள்வி வீணானதல்ல. கேரளத்தில் கோட்டயத்துக் கிணற்றிலிருந்து கிடைத்த விரலுக்கும் சின்னக் குருட்டுக் கெளிறு 1950 இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அது செம்பாறாங்கல் நிலம். நமது யாழ்ப்பாண நிலமோ நீர் அரித்த சுண்ணக்கல், மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கிணறு இறைக்கும்போது வெளிறிய, கண் தெரியாத மீன் வந்தால் கறிச்சட்டிக்கோ தொட்டிக்கோ போடாமல், கிணற்றின் இடத்தை எழுதி யாழ் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்குக் கொண்டுபோங்கள்.