மீட்டர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்: குமரி மாவட்ட வீடுகளுக்குக் கரண்ட், சோலார், கேஸ் கேள்வி பதில்

வீட்டுக்கு வரும் மின்சாரத்தையோ கேஸையோ மாற்றுவது அந்த அலைச்சலுக்குத் தகுமா என்பதுதான் இன்றைய பேச்சு. கேட்பதற்கு முன் மீட்டர் அட்டையில் கடைசி ஆறு ரீடிங்கை எழுதி வையுங்கள். ரூபாய் வேண்டாம், யூனிட் வேண்டும்.

வடசேரி: மும்பையில இருக்க எங்க தங்கச்சி வீட்டுல கரண்ட் கம்பெனியையே மாத்திட்டாங்க அண்ணாச்சி. நாம இ.பி.யை விட்டுட்டு வேற கம்பெனிக்குப் போவ முடியாதா?

முடியாது. மும்பை புறநகரில் அதானி, டாடா இரண்டு கம்பெனிக்கும் ஒரே பகுதியில் விநியோக உரிமம் இருக்கிறது. அதனால் அங்கே வீட்டுக்காரர் மாறிக்கொள்ளலாம். நமக்கு உரிமம் உள்ளவர் ஒருவர்தான். 2024இல் இ.பி. என்று நாம் சொல்லும் டான்ஜெட்கோவைப் பிரித்து பகிர்மானத்துக்குத் தனிக் கழகம் ஆக்கினார்கள். பில்லில் பெயர் மாறியது, கம்பி அதேதான். 2003 மின்சாரச் சட்டத்தில் வெளியாரிடம் வாங்க வழி உண்டு, ஆனால் அது 1 மெகாவாட்டுக்கு மேல் லோடு உள்ளவர்களுக்கு. 2022 பசுமை மின்சார விதிகள் அதை 100 கிலோவாட்டாக இறக்கின. வீட்டு லோடு மூன்று, ஐந்து கிலோவாட். ஆக, விற்பவரை மாற்ற முடியாது. அவரிடம் வாங்கும் யூனிட்டைத்தான் குறைக்க முடியும்.

களியக்காவிளை: ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா போஸ்ட்டு. எனக்க வீட்டுக்கு அங்கேருந்து இழுத்தா?

முடியாது. உரிம எல்லை மாநில எல்லையோடு முடிந்தது.

தக்கலை: ரெண்டு மாசத்துக்கு 780 யூனிட் ஓடுது. 3 கிலோவாட் சோலாருக்கு 1,90,000 கேக்கிறாங்க. போடலாமா?

யூனிட்டோடு வந்ததற்கு நன்றி. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் ஆகும்.

2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 படியே காணாமல் போகும். 101இலிருந்து 400 வரை முழுதும் 4.70. அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கும் மேலே 11.55. இதனால்தான் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே யூனிட்டுக்கு 243 ரூபாய்.

உங்கள் 780க்கு பில் 4,581. சோலார் விற்பவர் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்பார். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கணக்குப் போடும்போது 3.3 வையுங்கள். 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 600 யூனிட். மீதி 180க்கு பில் 188 ரூபாய். தடவைக்கு 4,393 மிச்சம், வருஷத்துக்கு 26,000க்கு மேல். பிஎம் சூர்யா கர் திட்டத்தில் மத்திய அரசு தரும் மானியம் 78,000 போக உங்கள் கைக்காசு 1,12,000. நாலே கால் வருஷத்தில் போட்டது திரும்பிவிடும். போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும், அதுவும் நெட் மீட்டர் (லைனிலிருந்து எடுத்த யூனிட்டையும் லைனுக்குக் கொடுத்த யூனிட்டையும் எண்ணும் மீட்டர்) வைத்து ஓட ஆரம்பித்த பிறகுதான். "மானியத்தைக் கழித்துக்கொண்டேன்" என்று வாயால் சொல்பவரிடம் எழுதி வாங்குங்கள். அடுத்தது, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பத்து சதவீதமாவது நெட் மீட்டர் வரும்வரை கையில் இருக்கட்டும்.

குலசேகரம்: 260 யூனிட். சுத்தி ரப்பர் மரம். சோலார் போட்டா பில்லே வராதுன்னு சொல்லுகாவ.

உங்கள் பில்லே 517 ரூபாய்தான். மரத்தை வெட்டி, பேனல் போட்டு அதை மிச்சம் பிடிக்க வேண்டாம். விட்டுவிடுங்கள்.

திங்கள்சந்தை: 420 யூனிட். 1 கிலோவாட் 75,000 சொல்றாங்க. நடுவுல நிக்கிறேன் சார்.

நடுவில்தான் நிற்கிறீர்கள். இப்போது 1,301 வருகிறது. 1 கிலோவாட் போட்டால் 329 ஆகும். வருஷத்துக்கு 5,832 மிச்சம். மானியம் 30,000 போக 45,000 கைக்காசு, ஏழரை வருஷத்துக்கு மேல் ஆகும். ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் உண்டென்றால் ஐந்நூறைத் தாண்டுவீர்கள். அப்போது 2 கிலோவாட்டாகப் போடுங்கள், மானியம் 60,000. இல்லையென்றால் பழைய ஃபேன்களை 28 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினாலே போதும். பழையது 75 வாட் இழுக்கும்; நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 42 யூனிட் குறையும்.

மணவாளக்குறிச்சி: கடலுக்கு 400 மீட்டர்ல வீடு. பக்கத்து வீட்ல போட்ட ஸ்டாண்டு துருப்பிடிச்சு நிக்குது. ஒக்கி புயல் மாதிரி இன்னொண்ணு வந்தா பறந்துராதா?

நல்ல கேள்வி. கடலோரத்தில் பேனலை விட அதன் காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டாண்டு, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பாக இருக்க வேண்டும். பூச்சு 80 மைக்ரான். வெட்டிவிட்டு வெல்டு அடித்து வெள்ளிப் பெயின்ட் பூசியது நம்ம காற்றில் சீக்கிரம் போகும், பக்கத்து வீட்டில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். துளை, வெட்டு எல்லாம் முக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். போல்ட்டும் நட்டும் 316 ரக ஸ்டெயின்லெஸ். 304 ரகம் கடலை விட்டுத் தள்ளியுள்ள ஊருக்குப் போதும், உங்களுக்குப் போதாது. பேனல் சட்டம் அலுமினியம். அது இரும்போடு உப்பு ஈரத்தில் ஒட்டினால் அலுமினியம் அரிக்கும், இடையில் ரப்பர் வாஷர் கேளுங்கள். பேனலுக்கு ஐஇசி 61701 என்ற உப்புக்காற்றுச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று டேட்டா ஷீட்டில் பாருங்கள்.

2017 நவம்பர் 30இல் ஒக்கி அடித்தபோது மரமும் போஸ்ட்டும் சாய்ந்ததை எல்லாரும் பார்த்தோம். காற்று பேனலை அழுத்துவதை விட அடியில் புகுந்து தூக்குவதுதான் ஆபத்து. மாடி மேல் சும்மா தூக்கி வைத்த சிமென்ட் கட்டையை நம்பாதீர்கள். ஸ்டாண்டின் காலை பீம் மேலேயோ சுவர் மேலேயோ கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை ஊற்றி இறுக்கும் போல்ட்) போட்டு இறக்கி, துளையைச் சுற்றி நீர்க்கசிவுப் பூச்சு. மாடியில் ஆள் உயரத்துக்கு ஸ்டாண்டு எழுப்பி அடியில் துணி காயப்போடும் ஆசையைக் கடலோரத்தில் விட்டுவிடுங்கள். தாழ்வாக, சரிவு பத்து டிகிரி. அதற்குக் குறைந்தால் மழை கழுவாது. நாம் 8 டிகிரி அட்சத்தில் இருக்கிறோம். தெற்குப் பார்த்தே தீர வேண்டும் என்பதில்லை, கிழக்கு மேற்காக வைத்தாலும் உற்பத்தி கொஞ்சம்தான் குறையும்.

எர்த் மூன்று, தனித்தனிக் குழி: பேனல் பக்கம், இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் வரும் ஏசி பக்கம், இடிதாங்கி. ஒன்றாகக் கட்டிவிட்டுப் போனால் கடைசிப் பத்து சதவீதத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழி: அண்ணாச்சி, வாசல்ல நின்னா காத்து ஆளைத் தள்ளுது. முப்பந்தல்ல கம்பெனிக்காரன் காத்தாடி வெச்சுக் கரண்ட் எடுத்துச் சம்பாதிக்கான். நாங்க மாடியில அது மாதிரி சின்னக் காத்தாடி ஒண்ணு வெச்சா என்ன?

2 மீட்டர் விட்டமுள்ள காத்தாடி, காற்று விநாடிக்கு 5 மீட்டர் என்றால் கிடைப்பது ஏறக்குறைய 60 வாட். ஒரு பழைய ஃபேன் கூட ஓடாது. வேண்டாம்.

தோவாளை: அது எப்படி 5 மீட்டருன்னு முடிவு கட்டினீங்க? ஆடியில கணவாய்க் காத்து 8க்கு மேல அடிக்கும். ராத்திரியும் உண்டு. சோலாருக்கு ராத்திரி உண்டா?

8 மீட்டரில் அதே காத்தாடி 240 வாட் தரும். வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிற விஷயம் இது. அதே காரணத்தால் வேகம் பாதியானால் உற்பத்தி எட்டில் ஒன்று. மலை இடைவெளியில் அந்தக் காற்று மே முதல் செப்டம்பர் வரை. மற்ற மாதம் எதை ஓட்டுவீர்கள்?

தோவாளை: அஞ்சு மாசம் கிடைச்சாலும் லாபம்தானே. மழை மாசத்துல சோலார் படுத்துரும், அப்போ காத்தாடி ஓடும். ரெண்டும் சேர்த்து வைக்கணும்னுதான் சொல்லுறேன்.

பூதப்பாண்டி: சேர்த்து வெச்சா வீடே அதிரும் சாமி. ஸ்லாபுல விரிசல் விழுந்தா யாரு பாப்பா?

தோவாளைக்காரர் சொல்வதில் பாதி சரி. தென்மேற்கில் வெயில் குறையும்போது காற்று ஏறும், அது உண்மை. ஆனால் அந்தக் காற்று மாடிக்கு ஒழுங்காக வராது. முப்பந்தல் காத்தாடிகளின் சுழல்மையம் ஐம்பது, எண்பது மீட்டர் உயரத்தில் நிற்கிறது. வீட்டுக் கூரை மேல் காற்று சுவரில் மோதிச் சுழன்று வரும். சிறகு ஒருபக்கமாகத் திருப்பித் திருப்பி அடிபட்டு பேரிங் போகும். சுற்றி நூறு மீட்டருக்குள் இருக்கும் மரத்தை விட, வீட்டை விட பத்து மீட்டர் உயரத்தில் தனிக் கம்பம் நட்டால்தான் நீங்கள் சொல்லும் 8 மீட்டர் கிடைக்கும். கம்பம், அதன் அடித்தளம், இழுகம்பி எல்லாம் சேர்ந்தால் சோலார் விலையைத் தாண்டும்.

தோவாளை: எனக்க நிலத்துல கம்பம் நட இடம் உண்டு.

அப்படியானால் முதலில் கம்பத்தில் காற்றுமானி ஒன்றை வைத்து ஒரு வருஷம் அளந்துவிட்டு வாருங்கள். அளவு இல்லாமல் இனி இதைப் பேச மாட்டேன், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

மார்த்தாண்டம்: எங்க வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போடணும்?

யூனிட்?

குழித்துறை: 4 பேர் இருக்கோம், எத்தனை கிலோவாட் வேணும் அண்ணே?

ஆளை எண்ணிச் சோலார் போடுவதில்லை. அட்டை. அட்டை. ஒரு பில்லுக்கு வரும் சராசரி யூனிட்டிலிருந்து 100ஐக் கழியுங்கள், மீதியை 200ஆல் வகுங்கள். வருவது கிலோவாட். மேலே போடாதீர்கள், மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்குக் கழியுமே தவிர அதில் பெரிய வரும்படி இல்லை. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும்.

இரணியல்: கரண்ட் போனா சோலார் ஓடும்தானே?

ஓடாது. லைன்மேன் கம்பியில் கை வைத்திருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போகக்கூடாது என்பதற்காக, லைன் நின்றதும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர். விலை வேறு, மானியம் அதேதான். மதியம் லைன் இருக்கும்போதே அடிக்கடி நின்றால் வோல்டேஜ் ஏறுகிறது என்று பொருள். இன்வெர்ட்டர் திரையில் வரும் பிழைக்குறியைப் படம் எடுத்து பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கொட்டாரம்: சர்வீஸ் இன்னும் தாத்தா பேர்ல இருக்கு. அவர் இறந்துட்டார்.

அதை முதலில் முடியுங்கள். மின் இணைப்பின் பெயரும் விண்ணப்பப் பெயரும் வங்கிக் கணக்கும் ஒன்றாக இல்லாவிட்டால் மானியம் நிற்கும். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், வீட்டு வரி ரசீது கையில் இருக்கட்டும். அதோடு அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பாருங்கள்; பழைய வீடுகளில் 1 கிலோவாட் என்று இருக்கும். பிறகு பிஎம் சூர்யா கர் தளத்தில் இணைப்பு எண் போட்டுப் பதிவு, அங்கே பட்டியலில் உள்ள நிறுவனம், வேலை, நெட் மீட்டர், ஆய்வு, வங்கி விவரம். மானியத்துக்கு இந்தியாவில் செய்த செல் உள்ள பேனல்தான் செல்லும். ஐந்து வருஷப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. முழுப் பணம் முன்கூட்டி வேண்டாம், மறுபடி சொல்கிறேன்.

கருங்கல்: கேஸ் ஏஜென்சிக்காரர் பதினஞ்சு நாள் இழுத்தடிக்கிறார். வேற கம்பெனிக்கு மாறட்டுமா அண்ணாச்சி?

கம்பெனியை மாற்றாதீர்கள், ஏஜென்சியை மாற்றுங்கள். அதே கம்பெனியின் வேறு ஏஜென்சிக்கு ஆன்லைனில் மாறலாம். சிலிண்டர், ரெகுலேட்டர் அப்படியே இருக்கும். நிலுவையில் புக்கிங் எதுவும் இருக்கக்கூடாது. கம்பெனியே மாறினால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட் சீட்டைக் காட்டிப் பணம் வாங்கி, புது இணைப்புக்கு டெபாசிட் கட்ட வேண்டும். மூன்று கம்பெனியிலும் விலை ஒன்றேதான், பலன் இல்லை.

கருங்கல்: இண்டக்‌ஷனுக்கே மாறிட்டா?

14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலுக்கு இண்டக்‌ஷனில் 140 யூனிட் ஆகும். 4.70 படியில் 658 ரூபாய், 9.45 படியில் 1,323. உங்கள் கடைசிச் சிலிண்டர் ரசீதோடு ஒப்பிடுங்கள். அந்த 140 யூனிட் உங்களை ஐந்நூறுக்கு மேல் தள்ளுமானால் கேஸிலேயே இருங்கள்.

அருமனை: தோட்டத்து மோட்டாருக்கு சோலார்?

அது வேளாண் பொறியியல் துறை, விவசாய சோலார் பம்புக்கான குசும் திட்டம். நாகர்கோவில் அலுவலகத்தில் கேளுங்கள்.

மார்த்தாண்டம்: 640 யூனிட் அண்ணே. அட்டையை எடுத்துட்டேன்.

640இல் 100 கழித்து 200ஆல் வகுத்தால் 2.7. பக்கத்து முழு எண்ணாக மூன்று போடுங்கள்.